சந்தைக்கு வந்த குலச் சின்னங்கள்

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹைடா குவாய் தீவுகளின் செதுக்குக் கலைக்கும் நகைக் கலைக்கும் போலிச் சரக்கால் ஆபத்து நேர்ந்திருக்கிறது. சுற்றுலாக் கடைகளில் அச்சில் வார்த்த ரெசின் குலச்சின்னக் கம்பங்களும் எந்திரத்தில் பொறித்த காப்புகளும் ‘பூர்வகுடிக் கலை’ என்ற பெயரில் விலைபோகின்றன. செய்தவர் யார் என்ற விவரம் பலவற்றில் இருப்பதில்லை. இந்தப் போலி விற்பனையைத் தடுக்கக் கனடாவில் தனிச் சட்டம் இல்லை.

களவு போவது வெறும் வடிவம் என்று எண்ணிவிடக் கூடாது. ஹைடா சமூகம் அண்டங்காக்கை, கழுகு என இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது. அவற்றுள் அடங்கிய ஒவ்வொரு குலத்துக்கும் கரடி, ஓர்கா திமிங்கிலம் போன்ற சின்னங்கள் உண்டு. அவற்றைக் காட்டும் உரிமை தாய்வழியில் வருகிறது. முன்பு உடலில் பச்சை குத்தப்பட்ட இச்சின்னங்கள், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளி நாணயங்களைத் தட்டிச் செய்த காப்புகளுக்கு இடம்பெயர்ந்தன. அந்தக் காப்பில் உளியால் வெட்டிய கோடு ஓரிடத்தில் தடிக்கும், வளைவில் மெலியும், அடுத்த கோட்டோடு இழைந்து சேரும். இந்தக் கைப்பழக்கம் குருவின் அருகிருந்து பல ஆண்டுகள் பயின்றால்தான் வரும். மலிவுப் போலியோடு விலையில் போட்டியிட முடியாத இளைஞர் அப்பயிற்சிக்கு எப்படி வருவார்?

இக்கலை ஏற்கெனவே ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போய் மீண்டது. 1862இல் பரவிய பெரியம்மைக்குப் பின், அந்த நூற்றாண்டின் இறுதியில் ஹைடா மக்கள் சுமார் 600 பேரே எஞ்சினர். கம்பம் நாட்டுவதோடு இணைந்த விருந்து விழாவான பொட்லாட்சை 1885 முதல் 1951 வரை அரசே சட்டம் போட்டுத் தடுத்தது. 1969இல் ஹைடா செதுக்குக் கலைஞர் ராபர்ட் டேவிட்சன் அத்தீவுகளின் மாசெட் ஊரில் நாட்டிய கம்பம், ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் அங்கு எழுந்த முதல் கம்பம். அழிப்பதற்குச் சட்டம் செய்த அரசு, காப்பதற்குச் சட்டம் செய்யவில்லை.

இருக்கும் சட்டங்கள் போதாது. பதிப்புரிமை தனி மனிதருக்கு உரியது. அவர் இறந்து 70 ஆண்டுகளில் முடிந்துவிடும். 1920இல் மறைந்த ஹைடா கலை மேதை சார்லஸ் ஈடன்ஷாவின் வடிவங்களை இன்று யாரும் நகலெடுக்கலாம். குலத்தின் உரிமையைப் பதிப்புரிமை அறியாது. கனடாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் மது வகைகளையும் வேளாண், உணவுப் பொருட்களையுமே காக்கிறது. கைவினை அதில் இல்லை. அண்டை நாடான அமெரிக்கா, பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டிக்கிறது. அச்சட்டமும் எல்லாப் போலிகளையும் ஒழித்துவிடவில்லை. ஆனால் பொய் சொன்னவரை நீதிமன்றத்தில் நிறுத்த அங்கே வழி இருக்கிறது.

பதில் சொல்ல வேண்டியவர்கள் கனடாவின் சட்டமியற்றும் அவையினர், சுங்க அதிகாரிகள், நுகர்வோர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள். ஹைடா கலைஞர் பில் ரீடின் படைப்புகளை 2004இல் 20 டாலர் நோட்டில் அச்சிட்டுப் பெருமை கொண்ட நாடு அது. பூர்வகுடிகள் தம் மரபைக் கட்டுப்படுத்தும் உரிமையைக் கூறும் ஐ.நா. பிரகடனத்தைச் செயல்படுத்த 2021இல் சட்டமும் இயற்றியது. அந்தச் சட்டத்துக்குச் சந்தையில் பல் வேண்டும். செய்தவர் பெயரும் நாடும் பொருளில் பொறிக்கப்பட வேண்டும். பொய்யான பெயரில் வரும் சரக்கு துறைமுகத்திலேயே நிறுத்தப்பட வேண்டும். எது ஹைடா கலை என்று சொல்லும் அதிகாரம் ஹைடா மக்களிடம் இருக்க வேண்டும். இதற்கான மசோதா இனியும் தாமதிக்கக் கூடாது.