பின்னாடி தள்ளுறாங்கய்யா!

காலை ஒன்பது மணிக்குத் தல்லாகுளம் நிறுத்தத்தில் டவுன் பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு அண்ணாச்சியைப் பாருங்கள். ஒரு கால் படியில், இன்னொரு கால் அந்தரத்தில். அவர் உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக் கெஞ்சுகிறார்: "ஏண்ணே, கொஞ்சம் உள்ள தள்ளிப் போங்கண்ணே, நடுவுல எடம் சும்மாத்தான கெடக்கு." எப்படியோ உள்ளே போய்விடுகிறார். அடுத்த நிறுத்தம் கோரிப்பாளையம். நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். அங்கே இன்னும் பத்துப் பேர் ஏறப் பார்க்கிறார்கள். இப்போது அதே அண்ணாச்சியின் குரல் எப்படி ஒலிக்கிறது தெரியுமா? "யோவ் கண்டக்டர், எங்கய்யா எடம் இருக்கு? ஆடு மாடு மாதிரி அடைக்கிற? ஜனங்களுக்கு கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா பாரு!"

ஐந்து நிமிஷத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கைத் தத்துவம் தலைகீழ். இதில் அவர் நடிக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. படியில் தொங்கியபோது சொன்னதும் சத்தியம், உள்ளே போய்ச் சொன்னதும் சத்தியம்.

உளவியல்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தான் செய்தால் அதற்குச் சூழ்நிலை காரணம் (ஆபீசுக்கு நேரமாச்சு, அடுத்த வண்டி வருமோ வராதோ). அடுத்தவன் செய்தால் அதற்கு அவன் குணம் காரணம் (ஒழுங்கு கெட்டவன்). சூழ்நிலையை மறந்து எல்லாவற்றையும் குணத்தின் தலையில் கட்டும் இந்தப் பழக்கத்துக்கு 1977-ல் லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 'அடிப்படைப் பிழை' என்ற மாதிரி ஒரு பெரிய பெயர் சூட்டினார். மதுரையில் அதற்குப் பெயர் கிடையாது. டீக்கடையில் தினமும் நடக்கிற சங்கதிக்குத் தனியாகப் பெயர் எதற்கு?

பஸ்ஸோடு போனால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இதே பிழை சாவு வீட்டுக்கும் வந்து நிற்கிறது, அங்கேதான் வயிறு எரிகிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிறார். வழி நெடுக மண்டகப்படி. தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்துகொண்டு, பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் வைகைக்குள் இறங்குகிறார். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷம் ஜனங்கள் இல்லாமல் போன விழா, 2022-ல் மறுபடி ஆற்றுக்கு வந்தது. அந்த ஏப்ரல் 16 விடியலில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் செத்துப் போனார்கள். பலருக்குக் காயம். மறுநாள் டீக்கடைத் தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை: "முண்டியடிச்சா அப்பிடித்தேன். நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கெடையாது சார்." சொல்கிறவர் தன் ஸ்கூட்டரைப் பாதி ரோட்டில் நிறுத்திவிட்டுத்தான் சொல்வார்!

2025 செப்டம்பர் 27-ல் கரூர் வேலுச்சாமிபுரத்தில் அரசியல் கூட்டத்து நெரிசலில் 41 பேர் இறந்தபோதும் இதே வசனத்தைக் கேட்க முடிந்தது. செத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளா முண்டியடித்தன?

இந்த வசனத்துக்கு ஒரு பாட்டனார் உண்டு. குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1895-ல் கூட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனுஷன் தனியாக இருந்தால் நாகரிகமானவன், கூட்டத்தில் சேர்ந்தால் காட்டுமிராண்டி என்பது அதன் சாரம். கூட்டம் என்றாலே நடுங்கிய ஒரு கனவானின் எழுத்து அது. நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் டீக்கடை பெஞ்சில் அவர் ஆவி உட்கார்ந்திருக்கிறது.

சரி, நெரிசலில் நிஜமாகவே என்ன நடக்கிறது? ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நின்றால் இடிபடும், ஆனாலும் நகரலாம். ஏழு பேர் என்று ஆனால் கதை மாறுகிறது. அங்கே தனி மனிதன் என்று யாரும் கிடையாது, கூட்டமே தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது என்று ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் விளக்கியிருக்கிறார். அலை அடிக்கும். கால் தரையில் பாவாது. இரும்புத் தடுப்பு வளையும். நெரிசலில் செத்தவர்கள் எல்லாரும் மிதிபட்டுச் செத்தவர்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல பேர் நின்றபடியே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டித்தான் சாகிறார்கள்.

நடுவில் சிக்கிய எவரைக் கேட்டாலும் "பின்னாடி தள்ளுறாங்கய்யா" என்பார். பின்னால் இருப்பவரைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். அத்தனை பேரும் பொய் சொல்லவில்லை. கடைசி வரிசைக்காரர் லேசாக ஒரு எட்டு முன்னால் வைக்கிறார். அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பதெல்லாம் முதுகுகள் மட்டுமே. ஐம்பது வரிசை தள்ளி ஒருவருக்கு விலா நொறுங்குவது அவருக்கு எப்படித் தெரியும்? சாமி நெருங்கிவிட்டார் என்று குலவைச் சத்தம் கேட்கிறது, இன்னொரு எட்டு வைக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த பாவம்.

வேண்டுமென்றே இடிக்கிற இளவட்டங்கள் இல்லையா? இருக்கிறார்கள். தண்ணி போட்டு வருகிறவர்களும் உண்டு, சங்கிலி அறுக்க வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் பிடித்து உள்ளே போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவர்களை மொத்தமாக வீட்டில் பூட்டி வைத்தாலும், போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றாகவே இருந்தால் ஏழு பேர் ஏழு பேர்தான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல். அதில் போன உயிர்கள் 97. குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் கை காட்டியது, ஒரு பத்திரிகை அதைக் கொட்டை எழுத்தில் போட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் விடவில்லை. 27 வருஷம் போராடிய பிறகு, 2016-ல் விசாரணை ஜூரி ரசிகர்கள் மேல் தப்பில்லை என்றும், கூட்டத்தைக் கையாண்ட விதத்தில்தான் தப்பு என்றும் சொன்னது. வெள்ளைக்காரனுக்கே அந்தக் கதி!

கூட்டம் என்றாலே அவனவன் உயிரைக் காப்பாற்ற அடுத்தவனை மிதிப்பான் என்ற கதைக்கும் ஆதாரம் தேறவில்லை. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் தப்பியவர்களைச் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ட்ரூரியும் கூட்டாளிகளும் பேட்டி எடுத்தார்கள். இருட்டுச் சுரங்கத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கை கொடுத்தவர்கள் கதைதான் நிறைய வந்தது. இதற்கு லண்டன் வரை போக வேண்டாம். எதிர்சேவையன்று ரோட்டோரம் நின்றால் போதும். முன்பின் தெரியாத ஆளுக்கு நீர்மோரும் பானகமும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறது அதே 'ஒழுங்கு கெட்ட' கூட்டம்.

இன்னொன்று. மாட்டுத்தாவணியில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற அதே ஆள், சிங்கப்பூர் ரயில் நிலையத்தில் தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் சாதுவாக நிற்கிறார். விமானத்தில் போகும்போது ரத்தத்தை மாற்றிக்கொண்டாரா என்ன? அங்கே அடுத்த வண்டி நிச்சயம் வரும் என்று அவருக்குத் தெரியும். இங்கே "பின்னாடி வண்டி காலியா வருது" என்று கண்டக்டர் சொன்னதை நம்பி எத்தனை தடவை கால் கடுக்க நின்றிருப்பார்? துண்டு போடுவது புத்தி கெட்ட வேலை இல்லை சாமி, பட்டறிவு.

திருவிழா நெருங்கும்போதெல்லாம் எத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்ற பேச்சுதான் பெருமையாக அடிபடுகிறது. ஆற்றுக்குள் எத்தனை பேர் நிற்கலாம், அது நிறைந்ததும் எந்த இடத்தில் நிறுத்துவார்கள், முன்னால் அடைபட்டதை தல்லாகுளத்தில் நிற்கிறவருக்கு யார் சொல்வார்கள், இறங்கினவர் எந்த வழியாக வெளியே ஏறுவார் என்ற பேச்சு அதே சத்தத்தில் எழுவதில்லை. எழுந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். "ஜனங்களுக்கு ஒழுங்கில்லை" என்று முடித்துவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். டீக்கடைக்காரருக்கு அது பொழுதுபோக்கு, நாற்காலிக்காரருக்கு அது பெரிய உபகாரம்.

அதற்குள் சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கிராமத்துப் பாட்டி மூன்று பஸ் மாறி வந்து அந்தக் கடைசி வரிசையில் நின்றிருப்பாள். குலவை கேட்டதும் அவளும் ஒரு எட்டு முன்னால் வைப்பாள்.