கொள்ளைநோயும் பங்குச் சந்தையும்

பங்குச் சந்தையின் ஏற்றத் தாழ்வைக் கொண்டே ஒரு தேசத்தின் க்ஷேமத்தை மதிப்பிடுவோர் நம்மிடையே அநேகர் உளர். இஃது எத்துணைப் பொருத்தமற்ற அளவுகோல் என்பதை 2020-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளே விளக்கப் போதுமானவை.

அவ்வாண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி உச்சம் எய்திய அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீடு, மார்ச்சு 23-ஆம் தேதிக்குள் நூற்றுக்கு 34 பங்கு வீழ்ந்தது. அன்றே பம்பாய்ச் சந்தையின் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் குறைந்தது. இடையில் 45 நிமிஷம் வியாபாரத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ரயிலும் ஆலையும் நின்றுபோன வேளையில் அவ்வச்சம் இயல்பே.

வியப்புக்குரியது அதன் பின்னர் நிகழ்ந்ததாம். ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கத் தொழிலாளருள் வேலையற்றோர் நூற்றுக்கு 14-க்கு மேற்பட்டனர். ஏப்ரல் முதல் ஜூன் வரையில் இந்தியாவின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே மாதங்களைக் காட்டிலும் நூற்றுக்கு 20-க்கு மேல் சுருங்கிற்று. பங்குகளோ ஏறிக்கொண்டே இருந்தன! ஆகஸ்டு 18-இல் அமெரிக்கக் குறியீடு பழைய உச்சத்தைக் கடந்தது. 2021 ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது.

காரணம் மறைவானதன்று. குறியீட்டில் இடம் பெறுவன பெருங் கம்பெனிகளே. சென்செக்ஸில் அவை முப்பதுதான். தெருமுனைத் தேநீர்க் கடையோ, தையற்காரரின் கடையோ அடைபட்டால் எக்குறியீடும் இறங்குவதில்லை. வீட்டில் அடைபட்ட ஜனங்கள் கணினி வழியே பொருள் வாங்கியும் வேலை செய்தும் வந்தமையால் அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவற்றின் வருவாய் பெருகிற்று. அன்றியும், மார்ச்சு 15-இல் அமெரிக்க மத்திய பாங்கி வட்டியைப் பூஜ்யத்தையொட்டிக் குறைத்து, 23-இல் கடன் பத்திரங்களை வேண்டுமளவும் வாங்குவதாக அறிவித்தது. வட்டி கிட்டாத பணம் பங்குகளை நாடாமல் வேறெங்கே செல்லும்?

இது புதிதுமன்று. இன்புளுயன்ஸா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்த 1918-ஆம் ஆண்டை, நியூயார்க்கின் டௌ ஜோன்ஸ் குறியீடு உயர்ந்தே முடித்தது. அங்கே யுத்தத்தின் முடிவே பெரிதாகத் தோன்றியது போலும்.

சந்தை வருவதை முன்னறிவது. தடுப்பு மருந்து வரும் என்பதை அது உணர்ந்துகொண்டது என்பர் சிலர். ஒப்புவோம். ஆயினும் அது முன்னறிய முயல்வது கம்பெனிகளின் லாபத்தையேயன்றிக் குடிகளின் வாழ்வை அன்று. மார்ச்சு 25-இல் தொடங்கிய ஊரடங்கில், பட்டணங்களை விட்டுக் கால்நடையாகவே ஊர் திரும்பிய கூலியாட்களின் பசி அக்கணக்கில் ஏறவில்லை. ஆதலின், நிவாரணம் இனிப் போதுமா என்று ஆராயும் சர்க்கார் வேறு கணக்கைப் பார்க்கட்டும். சென்செக்ஸ் 50,000-ஐ எட்டிய அந்த 2020-21-ஆம் நிதியாண்டில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண் சுமந்த குடும்பங்கள் 7 கோடிக்கு மேற்பட்டவை. அத்திட்டம் தொடங்கியது முதல் அதற்கு முன் எவ்வாண்டிலும் அத்தனை குடும்பங்கள் அவ்வேலைக்கு வந்ததில்லை.