மெட்ராஸ்ல படிச்சாத்தான் படிப்பா?



"மகளுக்கு மெட்ராஸ்ல சீட் கிடைச்சிருக்கு டீச்சர்" என்று பழைய மாணவன் ஒருவன் மக்ரூனோடு வந்தான். என்ன படிப்பு என்றேன். பி.காம். கட்டணத்துக்கு வீட்டு நகை அடகுக்குப் போய்விட்டதாம்.

நம் ஊர் தூய மரியன்னை கல்லூரி 1948இல் பெண்களுக்காகவே வந்தது. வ.உ.சி. கல்லூரி 1951இல் வந்தது. இரண்டிலும் பி.காம். இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரி 1977இல் இங்கேதான் தொடங்கியது. வெளியூர்ப் பிள்ளைகள் தேடி வந்து படிக்கிறார்கள். முத்துக்குளித்த கரையில் பிறந்த நாமோ அதை விசாரிப்பதுகூட இல்லை.

மெட்ராஸ் போகாதே என்று சொல்லவில்லை. இங்கே இல்லாத படிப்பு என்றால் கடன் வாங்கியாவது அனுப்புங்கள். இங்கே இருக்கும் படிப்புக்கு விடுதிக் காசு எதற்கு? சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளத்தானே? அந்தப் பெருமைக்கு அடகு போவது நகை மட்டுமல்ல, அந்தப் பிள்ளை வாங்கப்போகும் சம்பளமும்தான்.