அள்ளுகிறவர் நைரோபியில், ஆய்வாளர் பெர்க்லியில்

செயற்கை நுண்ணறிவு மனுசகுலத்துக்குக் கேடு செய்துவிடாமல் காப்பாற்ற ஆள் எடுக்கிறார்கள், தோழர்களே. எடுப்பது கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் லண்டனிலும். 'வழிகாட்டித் திட்டம்' என்று பேர். 2021 கடைசியில் ஸ்டான்ஃபோர்டு வட்டாரத்திலிருந்து கிளம்பிய 'மாட்ஸ்' இவற்றில் பேர்போனது. பொறுக்கி எடுத்தவர்களுக்குச் சில வாரங்கள் கைச்செலவுக்குப் பணம், கணிப்பொறி வசதி, கூடவே இருந்து வேலையைத் திருத்த ஒரு மூத்த ஆய்வாளர். முடித்து வருகிறவர்களில் பலர் ஆந்த்ரோபிக், கூகுள் டீப்மைண்ட் போன்ற கம்பெனிகளுக்குள் போய்விடுகிறார்கள்.

பயிற்சியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள் கிடைப்பதன் அருமை, அது கிடைக்காமல் படித்தவனுக்குத்தான் தெரியும். யாரைப் பொறுக்குகிறீர்கள் என்பதே கேள்வி.

வாசலில் என்ன கேட்கிறார்கள்? முன்னாடி எழுதிய கட்டுரை உண்டா, உனக்காகச் சொல்லக்கூடியவர் யார்? வீட்டிலிருந்தே பகுதிநேரமாகச் சேரும் திட்டங்களும் உண்டு; அவற்றில் பலவற்றில் காசு கிடையாது. அப்பன் வீட்டில் சோறு இருக்கிறவன் மூணு மாசம் சும்மா உழைத்துப் பேர் வாங்கலாம். மத்தவன்? இதற்குத்தான் 'தகுதி, திறமை' என்று பேர். 1990இல் மண்டல் பரிந்துரையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களிடம் நாம் கேட்காத சொல்லா? (துரோணராவது ஏகலைவன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்றார். இங்கே ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடும்.)

விஷயத்துக்கு வருவோம். சாட்ஜிபிடி வாயைத் திறந்தால் சாக்கடை வரக்கூடாது என்று ஓப்பன்ஏஐ நினைத்தது. அதற்கு, எது சாக்கடை என்று எந்திரத்துக்குக் கற்றுத்தரணும். யார் கற்றுத்தந்தது? 2021 நவம்பரிலிருந்து கென்யாவின் நைரோபியில், சாமா என்கிற ஒப்பந்தக் கம்பெனியின் தொழிலாளிகள். குழந்தைகள்மீது பாலியல் வன்கொடுமை, சித்திரவதை, கொலை, தற்கொலை என்று நாள் முழுக்க வரிவரியாய்ப் படித்துக் குறிபோட்டார்கள். கைக்குக் கிடைத்தது மணிக்கு 2 டாலருக்கும் குறைவு. படித்தவை மனசைச் சிதைத்துவிட்டதாக அவர்களே சொன்னார்கள். 2023 ஜனவரியில் டைம் பத்திரிகை எழுதியபிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

இது பாதுகாப்பு வேலை இல்லையா? எந்தச் சொல்லில் விஷம் ஒளிந்திருக்கிறது என்று தினந்தினம் பார்த்த கண்கள் அவை. ஆனால் அவர்கள் பேர் 'லேபிளர்'. அதே விஷத்துக்கு வரைபடம் போட்டுக் கட்டுரை எழுதினால் 'ஸ்காலர்'. அசிங்கத்தை அள்ள ஒருத்தன், அதைப்பற்றிப் பேசிப் பேர்வாங்க இன்னொருத்தன். இந்த ஏற்பாடு நமக்குப் புதுசா என்ன?

ஆராய்ச்சிக்கே இதனால் நட்டம். 2023இல் பிரவுன் பல்கலைக்கழகத்தார் ஜிபிடி-4ஐச் சோதித்தார்கள். கேடான கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டபோது நூற்றில் ஒன்றுக்குக்கூட அது வளைந்துகொடுக்கவில்லை. சூலு, குவாரனி போன்ற மொழிகளில் கூகுள் மொழிபெயர்ப்பால் மாற்றிமாற்றிக் கேட்டபோது 79 சதவீதம் பலித்துவிட்டது. பூட்டு ஆங்கில வாசலுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். கொல்லைக்கதவு திறந்துகிடப்பது அந்தக் கொல்லையில் புழங்குகிறவனுக்குத்தானே முதலில் தெரியும்? அவனை உள்ளே விடாமல் யாருக்கு, எதிலிருந்து பாதுகாப்பு?

'பன்முகத்தன்மை' என்று குரூப் போட்டோவில் ஒரு முகத்தைச் சேர்க்கும் வேலை வேண்டாம். நைரோபியில் குறிபோட்ட காலத்தை ஆராய்ச்சி அனுபவமாக எண்ணுங்கள். அந்த ஊரிலேயே, சம்பளத்தோடு, இடம் ஒதுக்குங்கள். மாணவர் பாயில் மட்டுமில்லை, வழிகாட்டியின் நாற்காலியிலும் அவர்களை உட்காரவையுங்கள். ஒருவரைத் தள்ளினால் காரணத்தை எழுதிக்கொடுங்கள்.

பணமில்லை என்று சொல்லாதீர்கள். ஃபேஸ்புக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்சின் அறக்கொடை இந்தத் துறையில் பல வருஷமாகக் கொட்டுகிறது. ஆளை எங்கே தேடுவது என்றும் கேட்காதீர்கள். 2023 மே 1 அன்று, ஃபேஸ்புக்குக்கும் டிக்டாக்குக்கும் சாட்ஜிபிடிக்கும் இப்படி உழைத்தவர்கள் 150 பேருக்குமேல் அதே நைரோபியில் கூடிச் சங்கம் அமைக்க ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.