சோதனை சென்னையில், பயன் பொன்னேரியில்

மண்டையோட்டில் துளையிடும்போது ஆபத்து மிகுந்த கணம், துளை முடிகிற கணம்தான். அதுவரை எலும்பின் எதிர்ப்புக்கு ஈடுகொடுத்து அழுத்திக்கொண்டிருந்த மருத்துவரின் கைக்கு, கடைசி அரை மில்லிமீட்டரில் அந்த எதிர்ப்பு சட்டென்று இல்லாமல் போகிறது. கை சுதாரிப்பதற்குள் முனை உள்ளே பாய்ந்தால் மூளையின் மேலுறை கிழியும். அதற்கும் கீழே போனால் ரத்தக்குழாய், அப்புறம் மூளையே. அந்தக் கணத்தைக் கருவியே உணர்ந்து தானாக நின்றுவிடும்படி செய்யும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடந்துவருகிறது. அத்தகைய கருவி தமிழ்நாட்டுக்கு வரும்போது யாருக்காக வரவேண்டும் என்பதை அது வந்து இறங்கிய பிறகு யோசிப்பதில் பயனில்லை. நம் நிலைப்பாடு இதுதான்: அது பொன்னேரி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைக்காக உருவாக்கப்பட வேண்டும். ஆனால், அதைச் சோதித்துப் பார்க்கும் களம் பொன்னேரியாக இருக்கக் கூடாது.

தானே நிற்கும் துளைக்கருவி முற்றிலும் புதியதல்ல. கிளட்ச் பொருத்திய துளைமுனைகள் பல பத்தாண்டுகளாக நியூரோ சர்ஜரி அறைகளில் புழங்குகின்றன. எலும்பு எதிர்த்து அழுத்தும் வரைதான் கிளட்ச் பிடித்திருக்கும். எதிர்ப்பு விலகியதும் முனை சுழல்வது நிற்கும். இது வெறும் இயந்திர ஏற்பாடு. துளைமுனையைச் சாய்த்துப் பிடித்தாலோ, அசைத்தாலோ, எலும்பு மெலிந்திருந்தாலோ, முதியவர்களுக்கு இருப்பதுபோல மேலுறை எலும்போடு ஒட்டியிருந்தாலோ ஏமாற்றிவிடும். ஒரு முறைக்கென்று செய்த முனையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் ஆபத்து கூடும்.

உணரிகள் பொருத்திய கருவி இதிலிருந்து ஒரு படி மேலே போகிறது. மண்டையோடு ஒரே கட்டியான எலும்பு அல்ல. வெளியே ஒரு கெட்டித் தகடு, நடுவே பஞ்சு போன்ற எலும்பு, உள்ளே மறுபடி ஒரு கெட்டித் தகடு. முனை உள்ளே போகப்போக அழுத்தமும் முறுக்குவிசையும் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறி, கடைசியில் சரிகின்றன. நடுவில் வரும் முதல் இறக்கத்தை முடிவு என்று எண்ணிவிடாமல் இருப்பதுதான் கருவியின் புத்திசாலித்தனம். சில ஆய்வுகளில் எலும்புக்கும் திரவத்துக்கும் உள்ள மின்தடை வேறுபாட்டையும் சேர்த்து அளக்கிறார்கள். வெப்பமும் கவலைக்குரியது: எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே திசு சேதமடையும் என்று 1980களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே நீர் தெளித்துக் குளிர்விப்பதும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் அந்தக் கருவியின் வேலையில் அடங்கும்.

உலகம் எங்கே நிற்கிறது? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் கோல்ட்வெல், இயந்திரவியல் பேராசிரியர் ஏ.கே. பாலாஜி ஆகியோர் அடங்கிய குழு 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சி.டி. ஸ்கேன் படத்தைக் கொண்டு கணினி பாதை வகுக்க, காதுக்குப் பின்னால் எலும்பைக் குடையும் சுமார் இரண்டு மணி நேர வேலையை அவர்களின் இயந்திரம் இரண்டரை நிமிடத்தில் முடித்தது. முகநரம்பில் சிறு சலனம் தெரிந்தாலே இயந்திரம் நின்றுவிடும் ஏற்பாடும் அதில் உண்டு. செய்ய முடியும் என்று நிறுவிய ஆய்வு அது, அன்றாட சிகிச்சையாகிவிடவில்லை. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் குழு, உள்காதுக்குச் செயற்கைச் செவிக்கருவி பொருத்துவதற்காக ஒரு நோயாளியின் மண்டை எலும்பில் ரோபோவைக் கொண்டு துளையிட்டதை அறிவித்தது. எலும்பின் அடர்த்தியையும் துளைமுனையின் விசையையும் ஒப்பிட்டு, தான் எங்கே இருக்கிறேன் என்று அந்த ரோபோ கணித்துக்கொண்டது.

இரண்டுமே பெரிய மருத்துவமனைகளின் திட்டமிட்ட அறுவைக்கானவை. நம்மிடமும் இவற்றை முதலில் வாங்கப்போவது சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளாகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கைதேர்ந்த மருத்துவர் இருக்கும் இடத்தில் தானே நிற்கும் கருவியால் மிச்சமாவது நேரம். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் மிச்சமாவது உயிராக இருக்கலாம். அரசின் பணமும் அக்கறையும் இரண்டாவதற்குப் போகவேண்டும்.

பொன்னேரியின் நிலையைப் பாருங்கள். 2014 ஜூலையில் மத்திய நிதிநிலை அறிக்கை சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்தில் ஸ்மார்ட் நகரங்களுக்கான மூன்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதில் ஒன்று பொன்னேரி. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். தெற்கே மீஞ்சூர், வடசென்னை அனல்மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. மேற்கே தச்சூர், கவரப்பேட்டை வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வாகனத்தில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், சாரத்தின் மேல் நின்று வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் என்று தலைக்காயத்துக்கு வழிவகுக்கும் எல்லாமே இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. 2022இல் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் நடந்தன; 17,884 பேர் இறந்தனர். ஆனால், நியூரோ சர்ஜரிப் பிரிவு நம் அரசு அமைப்பில் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மட்டத்திலேயே இருக்கிறது. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னையில் பி. ராமமூர்த்தி 1950இலும் தொடங்கிவைத்த துறை எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் தாலுகா மருத்துவமனையின் வாசலை எட்டவில்லை.

“பொன்னேரியிலிருந்து சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கும் ஜி.எச்.சுக்கும் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தானே, 108இல் ஏற்றி அனுப்பினால் போயிற்று” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தலைக்காயத்தில் பெரும்பாலோருக்கு அதுவே சரியான வழியும்கூட. ஆனால், கிலோமீட்டர் கணக்கு முழுக்கணக்கு அல்ல. அடிபட்டவர் சாலையோரம் கிடந்த நேரம், முதல் மருத்துவமனையில் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் நிலைப்படுத்திய நேரம், செங்குன்றத்திலோ மணலிச் சாலையிலோ லாரி வரிசையில் சிக்கிய நேரம், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து அறுவை அரங்கு காலியாகக் காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மூளையுறைக்குக் கீழே திடீர் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களைப் பற்றி 1981இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், நான்கு மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தனர். அதற்குப் பிறகு செய்யப்பட்டவர்களில் இறந்தவர்கள் 90 சதவீதம். உறைக்கு வெளியே ரத்தம் தேங்கும் வகையிலோ, அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென நினைவிழப்பார். ஒரு பக்கக் கண்மணி விரிந்துவிட்டால் அதன்பின் மிச்சம் இருப்பது நிமிடங்கள்தான். அந்த நோயாளிக்கு ஆம்புலன்ஸ் பயணம் சிகிச்சை ஆகாது.

2009இல் ஆஸ்திரேலியாவின் மேரிபரோ என்ற சிற்றூரில் இதுதான் நடந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு சிறுவனுக்குக் கண்மணி விரிந்தது. மண்டையோட்டைத் துளையிடும் கருவி அந்த மருத்துவமனையில் இல்லை. மருத்துவர் ராப் கார்சன், பராமரிப்பு அறையில் கிடந்த சாதாரண டிரில்லை எடுத்துவரச் சொல்லி, மெல்போர்னில் இருந்த நரம்பியல் அறுவை மருத்துவர் தொலைபேசியில் வழிகாட்ட, துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றினார். சிறுவன் பிழைத்தான். இதைச் சாகசக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நமக்கு அதில் தேவையான செய்தி வேறு: அன்று மேரிபரோவில் துணிச்சல் இருந்தது, வழிகாட்டியும் இருந்தார், இல்லாதது தகுந்த கருவி ஒன்றுதான். ஒரு சிறுவனின் உயிர் ஒரு மருத்துவரின் துணிச்சலில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

முதல் சிகிச்சையை நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவது தமிழ்நாட்டுக்குப் புதிய கொள்கையும் அல்ல. மாரடைப்புக்கு, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைச் சிறிய மருத்துவமனையிலேயே கொடுத்துவிட்டுப் பின்னர் பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் முறை இங்கே சோதிக்கப்பட்டு, 2017இல் அதன் பலன் பன்னாட்டு மருத்துவ இதழில் வெளியானது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசென்றது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதயத்துக்கு வகுத்த வழியை மூளைக்கு மறுக்க நியாயமில்லை.

இதற்கு எதிரான வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. துளையிடுவது தலைக்காய அறுவையின் எளிய பகுதி. எங்கே துளையிடுவது, துளையிட்டபின் பீறிடும் ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்பவைதான் கடினம். உறைந்து கட்டியான ரத்தம் ஒரு சிறு துளை வழியே வந்துவிடாது. துளையை அகலப்படுத்த வேண்டியிருக்கும். கருவி நின்றுவிடும் என்ற தைரியத்தில் தேவையில்லாதவர் தலையிலும் துளை போடுவார்கள் என்ற அச்சமும் வீணல்ல. மறுக்க முடியாத வாதம் இது. அதனாலேயே கருவியை மட்டும் வாங்கி அனுப்புவதை நாம் எதிர்க்கிறோம். ஆனால், சிற்றூர் மருத்துவர்களுக்கு இதைக் கற்பிக்கவே முடியாது என்பது சரியல்ல. ஆஸ்திரேலியாவில் தொலைதூர ஊர்களின் பொது அறுவை மருத்துவர்களுக்கு அவசரத் தலைக்காயச் சிகிச்சையில் பயிற்சியும் வழிகாட்டி நூலும் தரப்படுகின்றன.

இன்னொரு வாதம்: ஏழைகளைப் பரிசோதனைப் பொருளாக்குவதா? கூடாது. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் சென்னையில், ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், தேவைப்பட்டால் அடுத்த நொடியே கையால் வேலையை ஏற்றுக்கொள்ளக்கூடிய நிபுணர்களின் கையில் இக்கருவி சோதிக்கப்பட வேண்டும். 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவு ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு தலையையும் அது தொடக் கூடாது. அங்கே தேறிய பிறகே பொன்னேரிக்கு வரவேண்டும்.

செய்யமுடியாத கனவல்ல இது. கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டும் இளைஞரைக் கேட்டால், துளை மறுபக்கம் விடுபடும்போது ஸ்பிண்டில் லோடு எப்படி விழும் என்று திரையைக் காட்டிச் சொல்வார். யூட்டாவின் கருவியும் தொழிற்சாலை இயந்திரக் கலையிலிருந்து பிறந்ததுதான். கருவி வடிவமைக்க ஐஐடி மெட்ராஸில் மருத்துவத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு மொத்தமாக வாங்கி விலையைக் கட்டுப்படுத்திய அனுபவம் இருக்கிறது. இவர்கள் ஒரே மேசைக்கு வரவேண்டும். அழைக்க வேண்டியது அரசு.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. ஒன்று: பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கென ஒரு தலைக்காயச் சங்கிலி. இரவு பகல் இயங்கும் சி.டி. ஸ்கேன், படத்தை உடனே பார்த்து முடிவு சொல்லும் நரம்பியல் அறுவை மருத்துவர் சென்னையில், மயக்க மருந்து நிபுணரும் ரத்தமும் பொன்னேரியில். இது கருவி வராவிட்டாலும் தேவை. முதலில் வரவேண்டியதும் இதுதான். இரண்டு: யாருக்குத் துளையிடலாம் என்பதற்குக் குறுகிய, எழுதிவைத்த விதி. கண்மணி விரிந்து, நினைவு சரிந்து, ஸ்கேனில் ரத்தத்தேக்கம் தெரிந்து, சென்னை நிபுணர் ‘செய்யுங்கள்’ என்று சொன்னால் மட்டுமே. துளை எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கருவி முடிவு செய்யலாம்; துளை வேண்டுமா என்பதை மனிதர்தான் முடிவு செய்யவேண்டும். மூன்று: தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளின் பொது அறுவை மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி, 2022இல் தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி அதற்குப் பொருத்தமான இடம்.

நான்காவதை அழுத்திச் சொல்ல வேண்டும். உணரி உள்ள கருவி தான் செய்ததைப் பதிவு செய்யவும் முடியும்: எத்தனை விசை, எத்தனை வேகம், எந்தக் கணத்தில் நின்றது என்பதெல்லாம். கிளட்ச் முனைக்கு இந்த ஞாபகம் கிடையாது. அந்தப் பதிவு நோயாளியின் மருத்துவக் கோப்பில் சேரவேண்டும்; கேட்டால் குடும்பத்தாருக்குத் தரவேண்டும்; தவறியவையும் தப்பியவையும் ஆண்டுக்கொருமுறை பெயர் நீக்கி வெளியிடப்பட வேண்டும். பதிவை விற்பனை நிறுவனம் பூட்டிவைத்துக்கொள்ளும் எந்தக் கருவியையும் மருத்துவப் பணிகள் கழகம் வாங்கக் கூடாது. இந்த நிபந்தனையை டெண்டரில் ஒரு வரியாகச் சேர்க்கச் செலவேதும் இல்லை. கருவி வந்து குவிந்தபின் சேர்க்க முயன்றால் நடக்காது.

தலைக்கவசமும் ஆலைகளில் பாதுகாப்புக் கயிறும் இந்தத் துளைகளில் பலவற்றைத் தேவையற்றதாக்கும் என்பதை மறக்கவில்லை. அந்தக் கடமை தனியே தொடரட்டும். தொழில் வளர்ச்சிக்காக நிலத்தையும் சாலையையும் காற்றையும் கொடுத்த வட்டாரம் இது. இங்கே அடிபடுகிறவருக்கான முதல் அறுவையை இங்கேயே செய்ய வழிசெய்வது சலுகை அல்ல, கொடுக்க வேண்டிய பாக்கி. சுகாதாரத் துறை தன் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே தலைக்காயச் சங்கிலிக்கு நிதி ஒதுக்கி, கருவிக்கான சோதனையைச் சென்னையில் தொடங்கிவைக்க வேண்டும்.