பள்ளிக்கூடத்து மாத்திரை: பிரசாதமா? மருந்தா?

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுப்பது இன்று சாதாரணக் காரியமாகி விட்டது. 2015ஆம் வருஷம் பிப்ரவரி 10ந் தேதி தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தின்படி அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. இவற்றை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கின்றோம். ஆனால், கொடுக்கிறவர்களும் வாங்கி உண்ணுகிறவர்களும் அதை என்னவென்று கருதுகிறார்கள் என்பதைப் பற்றியே இங்கு சிறிது எழுத விரும்புகின்றோம்.

மாத்திரையின் அவசியத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டியதில்லை. கொக்கிப் புழுவானது வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கின்றது. 2019-21ஆம் வருஷத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். அதே வயதுள்ள ஆண்களிலோ 100க்கு 31 பேர்தான். மாதவிடாயில் இரத்தம் போவது ஒரு காரணம். எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதைப் பெண் உண்ண வேண்டும் என்கிற நம் வீட்டு தர்மம் மற்றொரு காரணம். இதைத் தலைவிதி என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், இது சத்துக் குறைவு என்று கண்டு மாத்திரை கொடுப்பது அறிவுள்ள காரியமேயாகும்.

ஆயினும் இந்த மாத்திரை விஷயத்தில் ஜனங்கள் இரண்டு கூட்டமாய் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார், "இது என்ன மருந்தோ, பிள்ளைக்கு என்ன ஆகுமோ" என்று வதந்தியைக் கேட்டுப் பயந்து, வாயில் போட்டதைத் துப்பிவிடச் சொல்லுகிறார்கள். இவர்களே தாயத்துக் கட்டும்போது மட்டும் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. மற்றொரு கூட்டத்தார், சர்க்கார் கொடுக்கிறது, உபாத்தியாயர் கொடுக்கிறார், ஆகையால் நல்லதுதான் என்று பிரசாதத்தை வாங்குவதுபோல் வாங்கி விழுங்குகிறார்கள். கேட்காமல் துப்புவதும் கேட்காமல் விழுங்குவதும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

இதனால் என்ன கெடுதி என்று சிலர் கேட்கலாம். 2023ஆம் வருஷம் மார்ச்சு மாதம் உதகமண்டலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். அங்கே சில பிள்ளைகள் சத்து மாத்திரைகளை யார் அதிகம் உண்பது என்று போட்டி போட்டுக்கொண்டு உண்டார்கள். அவர்களில் ஒரு சிறுமி இறந்துபோனாள். இரத்தம் ஊறுவதற்காகக் கொடுத்த மாத்திரையே உயிரை வாங்கிவிட்டது.

மிதமிஞ்சிய இரும்பை வெளியே தள்ளுவதற்கு நம் தேகத்தில் வழியில்லை. அளவு மீறினால் அது இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கி, பிறகு ஈரலைக் கெடுக்கும். முதலில் வாந்தி எடுத்த பிள்ளை நடுவில் சில மணி நேரம் தெளிந்தாற்போல் இருக்கும். அதை நம்பி வீட்டில் வைத்திருந்தால் மோசம் வந்து சேரும். ஆதலால் அளவு மீறி உண்டது தெரிந்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இந்த நாலு வார்த்தைகளை அப்பிள்ளைகளுக்கு யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அந்தப் போட்டி நடந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

விதிகள் இல்லாமலில்லை. குடற்புழு மாத்திரையை உபாத்தியாயர் முன்னிலையிலேயே மென்று தின்ன வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. காய்ச்சல் முதலிய நோயுள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்கக் கூடாது. நீல மாத்திரை வாரம் ஒன்றுதான், உணவுக்குப் பிறகுதான். இவை யாவும் நல்ல விதிகளே. ஆனால் காரணம் சொல்லாத விதி கொஞ்ச நாளில் ஆசாரமாகிவிடும். "வெள்ளிக்கிழமை விரதம்" என்பதும் "வாரம் ஒரு மாத்திரை" என்பதும் பிள்ளையின் காதில் ஒன்றுபோலவே விழும். வெறும் வயிற்றில் உண்டால் குமட்டும், அதனால் உணவுக்குப் பின் என்று சொல்ல வேண்டும். மலம் கறுத்துப் போவது இரும்பினால்தான், நோயினால் அல்ல என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதைக் கண்டு பயந்த பிள்ளை அடுத்த வாரம் மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியும்.

இது நிற்க, எல்லோருக்கும் பொதுவாய்க் கொடுக்கும் மாத்திரையைத் தவிர, தனித் தனிப் பிள்ளைகளின் நோய்க்கான மருந்து ஒன்று இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளை, காக்காய் வலிப்பு உள்ள பிள்ளை, நீரிழிவு உள்ள பிள்ளை ஆகியவர்களும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். வலிப்பு வந்தால் இன்றும் நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். மாத்திரைக்குள் இருக்கும் இரும்பு மருந்து. கையில் திணிக்கும் இரும்பு மூடநம்பிக்கை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானே நிற்கும். சாவி கொடுத்ததால் நின்றது என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். செய்ய வேண்டியது, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், வாயில் ஒன்றையும் திணிக்காமலிருப்பதும், 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108க்குச் சொல்லுவதுமேயாகும்.

இங்கிலாந்தில் 2014ஆம் வருஷம் அக்டோபர் முதல், ஆபத்து நேரத்துக்கென்று சால்பியூட்டமால் இன்ஹேலரைப் பள்ளிக்கூடமே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. 2017ஆம் வருஷம் அக்டோபர் முதல் கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிக்கும் இப்படியே அனுமதி தரப்பட்டது. ஆனால் கண்ட பிள்ளைக்கெல்லாம் கொடுப்பதற்கல்ல. அந்நோய் உண்டென்று வைத்தியர் கண்ட பிள்ளைக்கு, பெற்றோர் எழுத்து மூலம் சம்மதித்திருந்தால் கொடுப்பதற்காக. உயிரைக் காப்பதும் கணக்கு வைப்பதும் அங்கே ஒன்றுக்கொன்று விரோதமாக இல்லை.

ஆதலால் நாம் கேட்பது இவைதான். மாத்திரைகள் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். சாவியும் கணக்கும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். பிள்ளையின் சொந்த மருந்து, பெயர் எழுதிய உறையில், வைத்தியர் சீட்டோடும் பெற்றோர் கடிதத்தோடும் வர வேண்டும். தலைவலி என்ற பிள்ளைக்கு உபாத்தியாயர் தம் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தர்மம் ஒழிய வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த நோய், வந்தால் என்ன செய்வது என்கிற குறிப்பு ஒவ்வொரு வகுப்பு உபாத்தியாயர் கையிலும் இருக்க வேண்டும். யாவற்றிற்கும் மேலாக, மாத்திரை கொடுக்குமுன் அதன் பெயரும், வேலையும், அளவும், மீறினால் வரும் கேடும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு பெட்டியும், ஒரு நோட்டுப் புத்தகமும், வாரத்தில் பத்து நிமிஷமும் போதும். "இது என்ன மாத்திரை, ஐயா?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டால், அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணாமல், உட்காரச் சொல்லாமல், அவளுக்கு விளங்கும்படி பதில் சொல்ல வேண்டியது உபாத்தியாயரின் கடமை. அப்படிக் கேட்கும்படி தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது பெற்றோரின் கடமை என்று தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.