வெயில் நமக்கு, மருந்து யாருக்கு?

மன்னவனூரில் கேரட் பிடுங்கும் வேலைக்குப் போகும் அக்கா ஒருவருக்கு லூபஸ். உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டு, தோல், சிறுநீரகம் என்று தாக்கும் நோய். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். "வெயிலில் போகாதீங்க" என்றார் மருத்துவர். வெயில் பட்டால் நோய் கூடும், உண்மைதான். சொந்த நிலம் இல்லாத தலித் பெண் வெயிலில் போகாவிட்டால் உலையில் என்ன போடுவார்?

லூபஸுக்குப் புதிய ஊசி மருந்துகள் வருகின்றன. நல்லது, வரட்டும். அவை யார் உடலில் சோதிக்கப்படுகின்றன, யார் கைக்குப் போகின்றன என்பதுதான் கேள்வி.

பெலிமுமாப் மருந்தை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியமான சோதனை ஒன்று லத்தீன் அமெரிக்கா, ஆசிய பசிபிக், கிழக்கு ஐரோப்பா என 13 நாடுகளில் 865 பேரிடம் நடந்தது. இந்தியாவும் அதில் உண்டு. 2011 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே வைத்த விலை ஆண்டுக்குச் சுமார் 35,000 டாலர், அன்றைய மதிப்பில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல். உடலைக் கொடுத்த நாடுகளின் ஏழைகள் அந்த விலையைக் கனவிலும் தொட முடியாது.

"விருப்பப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?" என்பார்கள். மலையிலிருந்து மதுரைக்குப் போய்வந்தால் கூலி போகும், பேருந்துக் காசும் போகும். சோதனையில் சேர்ந்தால் மட்டும் மருத்துவர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம் என்றால், அந்தக் கையெழுத்தைப் போட்டது விருப்பமா, இல்லாமையா?

2009இல் கம்மத்தில் பழங்குடி, தலித் மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டபோது, பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் பிள்ளைகளின் சாதியும் வறுமையும் தெரிந்தேதான் அவர்களிடம் போனார்கள்.

2019 மருந்துச் சோதனை விதிகள் புரியும் மொழியில் ஒப்புதல், பாதிப்புக்கு இலவச சிகிச்சை, இழப்பீடு எல்லாம் சொல்கின்றன. சோதனை முடிந்த பிறகும் மருந்தை இலவசமாகத் தர விதி உண்டு, ஆனால் நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் போக வேண்டும். சோதனைக்கு வரும் நாளின் கூலி ஈடாக வேண்டும். சோதனையில் சேராதவருக்கும் அரசு மருத்துவமனையில் முறையான லூபஸ் சிகிச்சை கிடைக்க வேண்டும். அது இருந்தால்தான் "மாட்டேன்" என்று சொல்ல முடியும்.

தோழர்களே, உங்கள் ஊரில் யாராவது சோதனைப் படிவத்தோடு வந்தால் உடன் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். "மருந்து பலித்தால் இந்த அக்காவுக்குக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.